புழுக்கமா என்று கேட்டேன், இல்லை என்றார்கள்

1

மே 24, சனிக்கிழமை, பிற்பகல் 1.50. வெளியே 40 டிகிரி. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. எதிர்வீட்டு வேப்பமரத்தை ஒரு நிமிடம் நின்று பார்த்தேன், ஓர் இலை அசையவில்லை. ஆவடி சேக்காட்டில், மூன்றாவது மாடியில், எங்கள் படுக்கையறையில் 36.8. மின்விசிறி ஐந்தாம் எண்ணில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே படுத்திருக்க வேண்டிய என் மனைவி சரோஜாவைக் காணவில்லை.

சமையலறை, குளியலறை, பால்கனி, மொட்டைமாடி என நான்கு இடங்களிலும் பார்த்தேன். அவளுடைய செருப்பு வாசலில் இருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் இதே மே மாதத்தில், இதே சமையலறையில் அவள் மயங்கி விழுந்தாள். அன்றைக்குத் தரையில் கிடந்த கரண்டி முதற்கொண்டு எனக்கு நினைவிருக்கிறது. அந்த மயக்கத்துக்குப் பிறகுதான் மகன் எங்கள் இருவரையும் கனடாவுக்கு, வின்னிபெக் நகருக்கு, அழைத்துக்கொண்டான். ஒன்பது வருடமாக அங்கிருந்தபடி இந்த இதழில் உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவன், முதன்முறையாக இந்தக் குறிப்பை உங்கள் பக்கமிருந்து எழுதுகிறேன்.

காரணம் சரோஜாதான். போன குளிர்காலத்தில், இனிமேல் சேக்காட்டிலேயே இருந்துவிடுவோம் என்று அவள் சொல்லிவிட்டாள். எனக்கு அவளுடைய மயக்கம் பற்றிய பயம். ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். வாடகைக்கு இருந்தவர்கள் ஏப்ரலில் காலி செய்ததும் வந்து, மே மாதம் முழுவதும் இந்த வீட்டில் இருந்து பார்ப்பது. அவளால் தாங்க முடிந்தால் இருப்பது. முடியாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு ஜூன் பத்தாம் தேதி விமானத்தில் திரும்புவது. வாங்குவதற்கு, கீழே குடியிருக்கும் ஐடி வேலைத் தம்பி ஒருவர் தயாராக இருந்தார். அவருக்கு மே 31 அன்று பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

2

தாங்க முடியுமா முடியாதா என்பதை எப்படி முன்கூட்டிச் சொல்வது? அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. அதை எனக்குச் சொன்னவள் என் பேத்தி தாரிணி. வயது பதின்மூன்று.

அவளுடைய பள்ளியில் ஒரு வகுப்பறையில் பிள்ளைகள் விறைக்கிறார்களாம், பக்கத்து வகுப்பறையில் வியர்க்கிறார்களாம். ஏன் என்று கண்டுபிடிக்க ஆசிரியர் ஒரு செய்முறைப் பாடம் கொடுத்தார். ஓர் அறைக்குள் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்பதை ஆறு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றின் வெப்பம், சுவரும் கூரையும் வீசும் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், போட்டிருக்கும் துணி, செய்கிற வேலை. இந்த ஆறையும் எண்ணாக்கிப் போட்டால் சூத்திரம் ஓர் எண்ணைக் கொடுக்கும். கழித்தல் மூன்று என்றால் நடுக்கம். கூட்டல் மூன்று என்றால் தாங்காத வெக்கை. நடுவில் பூஜ்ஜியம் என்றால் சுகம். பிறகு அந்த ஆளிடமே கேட்டு, அவர் சொல்லும் எண்ணை வாக்காகக் குறித்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பம்பு தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். எண் என்றால் எனக்கு வயிறு நிறைந்துவிடும். இரண்டு வருடமாக என்னிடம் 'ஹாய் தாத்தா', 'பை தாத்தா' என்ற இரண்டைத் தவிர எதுவும் பேசாத பேத்தி, இந்தப் பாடம் வந்த பிறகு ஒரே மாதத்தில் பதினொரு தடவை என் அறைக்கு வந்தாள். அவளுடைய அட்டவணையில் கால்சட்டைக்கு எண் இருந்தது, கம்பளிச் சட்டைக்கு எண் இருந்தது, புடவைக்கு இல்லை. முந்தானையைத் தோளில் போர்த்தினால் ஒன்று, இடுப்பில் செருகினால் ஒன்று, நைட்டியும் மேலே துண்டும் என்றால் இன்னொன்று என நானும் அவளும் உட்கார்ந்து மூன்று எண்கள் கண்டுபிடித்தோம்.

அப்போதே எனக்கு ஒரு விஷயம் உறைத்திருக்க வேண்டும். எங்கள் வின்னிபெக் குடியிருப்பில் ஜனவரி மாதம் சரோஜாவின் விரல்கள் ஐஸ் கட்டியாக இருக்கும். கட்டட அலுவலகத்துக்கு மூன்று முறை புகார் எழுதினேன். முதல் புகார் தவறான படிவத்தில் இருந்ததாம். இரண்டாவதில் வீட்டு எண் போட வேண்டிய கட்டத்தில் மாடி எண்ணைப் போட்டுவிட்டேனாம். மூன்றாவதற்கு ஒருவர் கருவியோடு வந்தார். அறையின் நடுவில் நின்று அளந்தார். 21.5. விதிப்படி சரி என்றார். என் மனைவிக்குக் குளிர்கிறதே என்றேன். அவர் சரோஜாவின் பக்கம் திரும்பிக் குளிர்கிறதா என்று கேட்டார். இரண்டு ஸ்வெட்டருக்கும் ஒரு சால்வைக்கும் உள்ளேயிருந்து, "நோ நோ, ஃபைன்" என்று சிரித்த சரோஜா, அவருக்குக் காபி கலக்கப் போய்விட்டாள். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு புகாரை முடித்தார்.

3

ஏப்ரல் 28 அன்று சேக்காடு வந்து சேர்ந்தோம். தாரிணி கொடுத்தனுப்பிய ஈரப்பதக் கருவி, இரண்டு வெப்பமானிகள், கறுப்புச் சாயம் பூசிய ஒரு பிங்பாங் பந்து ஆகியவை பெட்டியில் இருந்தன. பந்துக்குள் வெப்பமானியின் முனையைச் செருகி அறை நடுவில் தொங்கவிட்டால், கூரை வீசும் வெப்பத்தையும் அது சேர்த்துக் காட்டும். நூல் கட்டித் தொங்கவிட்டேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத் திருஷ்டிக்குக் கட்டியது என்று நினைத்தார்கள். முதல் இரண்டு பேருக்கு விளக்கினேன். மூன்றாவது ஆளுக்கு நான் வாயைத் திறப்பதற்குள், ஆமாம் திருஷ்டிக்குத்தான் என்று சரோஜா சொல்லி முடித்துவிட்டாள்.

மே 2 முதல் தினமும் பிற்பகல் 2.40க்குச் சரோஜாவைப் படுக்கையறையில் உட்காரவைத்துக் கேட்டேன். புழுக்கமாக இருக்கிறதா? இல்லை, சுகமாக இருக்கிறது என்பாள். பூஜ்ஜியம் என்று எழுதுவேன். வந்தவர்களையும் விடவில்லை. என் அக்கா மகன், பழைய தொழிற்சாலை நண்பர்கள், இரண்டாவது மாடியில் எங்களுக்கு நேர் கீழே இருக்கும் நூர்ஜகான் என்று பத்தொன்பது பேரைக் கேட்டேன். நல்ல காற்றோட்டம் என்றார்கள். மே 23 வரை சரோஜாவின் வாக்கு 22, வந்தவர்கள் வாக்கு 19, ஆக மொத்தம் 41. நாற்பத்தொன்றும் பூஜ்ஜியம்.

சூத்திரம் சொன்னது சராசரியாகக் கூட்டல் 2.7.

தாரிணி போனில் சிரிக்கவேயில்லை. கவலைப்பட்டாள். நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட ஒன்று என்றோ ஒன்றரை என்றோ சொல்லாமல் இருக்க முடியுமா என்று கேட்டாள். வெப்பமானி கெட்டிருக்கலாம் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உங்கள் அட்டவணை குளிர்நாட்டுக்காரர்களை வைத்துப் போட்டது, எங்கள் ஊர் உடம்புக்குப் பொருந்தாது என்று இரண்டு பக்கம் எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். அவள் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினாள்.

அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு பக்கத்தை எழுதியபோது எனக்குள் இருந்தது அறிவியல் இல்லை, ஆறுதல். சரோஜா தாங்குகிறாள், வீட்டை விற்க வேண்டாம் என்ற ஆறுதல்.

4

தினமும் 2.40க்கு முன்னால் நான் எங்கே இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓய்வூதியத்துக்கு உயிர்ச்சான்று கொடுக்க ஆவடியில் வங்கிக்குப் போனேன். இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தேன். ஏற்கவில்லை. பத்து விரலையும் வைத்தேன். பத்தையும் ஏற்கவில்லை. குளிர்நாட்டில் விரல் வறண்டு ரேகை தேய்ந்துவிட்டது போலிருக்கிறது, எண்ணெய் தடவிக்கொண்டு நாளைக்கு வாருங்கள் என்றார் அங்கிருந்த பெண். மறுநாள் எண்ணெய் தடவிப் போனேன். எண்ணெய் அதிகம் என்றார். நான் எதிரிலேயே நின்று பேசிக்கொண்டிருக்க, நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை அந்த இயந்திரம் மூன்றாவது நாள்தான் ஒப்புக்கொண்டது.

வேலை மூன்று நாளில் முடிந்தது. ஞாயிறு தவிர நான் போவதை நிறுத்தவில்லை. சாப்பிட்டுவிட்டு 1.15க்குக் கிளம்பினால் வங்கியில் 25 டிகிரி. மூன்றாவது நாற்காலிக்கு நேர் மேலே ஏசி. 2.35க்குள் வீட்டில் இருப்பேன். நோட்டில் இதை 'ஒப்பீட்டு அளவு' என்று எழுதி வைத்திருந்தேன்.

மே 24 அன்றும் போனேன். இரும்புக் கதவு இழுத்துப் பூட்டியிருந்தது. நாலாவது சனிக்கிழமை. இரண்டாவது சனிக்கிழமை வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்ததால் நான் போகவில்லை. ஒன்பது வருடம் வெளியே இருந்ததில், எல்லாவற்றையும் எண்ணும் எனக்கு இந்த எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. அதனால்தான் 1.50க்கே வீட்டில் இருந்தேன். அதனால்தான் வெறும் கட்டிலைப் பார்த்தேன்.

5

படியில் இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது மாடியில் நூர்ஜகான் வீட்டுக் கதவு திறந்திருந்தது. நூர்ஜகானுக்கு ஐம்பத்தெட்டு வயது. பூந்தமல்லியில் பிறந்தவர், வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். என்னைப் பார்த்ததும் தையல் இயந்திரத்திலிருந்து காலை எடுத்துவிட்டு, வாயில் விரலை வைத்தார்.

உள்ளே தரையில் கோரைப்பாய் விரித்து, ஒரு கையைத் தலைக்கு வைத்துச் சரோஜா தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய கைபேசி. மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினான்கு. கதவோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சத்தம் போடாதீங்கண்ணே. இப்பதான் கண்ணசந்தாங்க" என்றார் நூர்ஜகான், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபடி.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"நீங்க பேங்குக்குப் போக ஆரம்பிச்ச நாள்லேருந்து. நீங்க படியிறங்குனா அடுத்த அஞ்சு நிமிஷத்துல அக்கா இங்க. ரெண்டே காலுக்குப் போன்ல அலாரம் அடிக்கும். மூஞ்சியக் கழுவிக்கிட்டு மேல ஓடுவாங்க, நீங்க வந்து கேட்டா பதில் சொல்லணுமே."

தினமும் சுகம் என்றுதானே சொன்னாள் என்றேன்.

"இங்க படுத்த சுகத்தத்தாண்ணே அங்க வந்து சொன்னாங்க."

சரி, சரோஜா போகட்டும். மற்ற பத்தொன்பது பேர்? நூர்ஜகானும் அந்தப் பத்தொன்பதில் ஒருவர். நல்ல காற்றோட்டம் என்று என் நோட்டில் அவர் சொன்ன வாக்கு இருக்கிறது.

"வீடு தேடி வந்தவங்களுக்குக் கையில காபியக் குடுத்து, எதிர்ல உக்காந்து நோட்டப் பிரிச்சு, புழுக்கமா இருக்கான்னு கேட்டா யாருண்ணே ஆமான்னு சொல்லுவாங்க? காபி நல்லா இல்லன்னு சொல்ற மாதிரில்ல ஆகும். அன்னைக்கு எனக்கு முதுகு பூரா நனைஞ்சுபோச்சு. கீழ வந்து துணி மாத்துனேன்."

நாற்பத்தொரு பூஜ்ஜியமும் அந்த இடத்தில் உதிர்ந்தன. வின்னிபெக்கில் கருவியோடு வந்தவருக்குச் சரோஜா சொன்ன 'ஃபைன்' ஞாபகம் வந்தது. கேட்பவர் மனம் கோணக் கூடாது என்று சொல்லும் பதிலை அறையின் வெப்பம் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

பழக்கம் விடாது. சட்டைப் பையிலிருந்த வெப்பமானியை எடுத்து வைத்தேன். நூர்ஜகான் வீட்டில் 33.2. அதே சுவர், அதே மேற்குப் பார்த்த ஜன்னல், அதே ஐந்தாம் எண் மின்விசிறி. மேலே எங்கள் வீட்டை விட 3.6 குறைவு.

அலாரம் அடித்தது. சரோஜா எழுந்து உட்கார்ந்து, கொண்டையை முடிந்துகொண்டே என்னைப் பார்த்தாள். தையல் இயந்திரம் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

"வெக்கைதான்" என்றாள். "தாங்க முடியலதான். சொன்னா என்ன பண்ணுவீங்க? நோட்ல எழுதிப் பேத்திக்கு அனுப்பிட்டு, அந்தத் தம்பிய கூப்பிட்டு வீட்ட வித்துடுவீங்க."

மயங்கி விழுந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அதுக்குத்தான இங்க வந்து படுத்தேன். அங்க ஒம்போது வருஷம் குளிரலன்னு சொன்னேன். அத நம்பாம புகார் எழுதுனீங்க, இத மட்டும் நம்பிட்டீங்க."

அவள் பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"நீங்க தினம் பேங்க்ல போய் உக்காந்தீங்களே. அது எத்தனாவது ஓட்டு?"

நூர்ஜகான் துணியைப் பார்த்துத் தைத்துக்கொண்டே இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

6

அன்று மாலை மகன் போனில் சொன்னது எளிமையானது. ஏசி போட்டால் தீர்ந்தது. சரோஜா மறுத்துவிட்டாள். ஒன்பது வருடம் ஜன்னலை மூடிக்கொண்டு இருந்தாயிற்று, இங்கேயும் வந்து மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா என்றாள்.

தாரிணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டி பொய் சொன்னாள் என்பதில் அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. சூத்திரம் சரி, வெப்பமானி சரி, கேட்ட விதம்தான் தப்பு. பிறகு அவள்தான் அந்த 3.6 டிகிரியைப் பிடித்துக்கொண்டாள். ஆறு விஷயத்தில் நான்கு இரண்டு வீட்டுக்கும் ஒன்றாக இருக்கின்றன, காற்றின் வெப்பமும் கூரை வீசும் வெப்பமும்தான் மாறுகின்றன. இரண்டுக்கும் காரணம் கூரை ஒன்றுதான், கூரையை மாற்று தாத்தா என்றாள். நான் எழுபத்து நான்கு வயது வரை பார்க்காததை, தூக்கக் கலக்கத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள். அவளுக்கு அப்போது காலை எட்டு மணி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கரையான்சாவடியிலிருந்து ஏழுமலை வந்தார். மொட்டைமாடிகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பவர். செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தில் காலை வைத்தவர், உடனே எடுத்துக்கொண்டார்.

"இன்னா சார், இது மாடியா தோசைக்கல்லா? மேல இப்டி கொதிச்சுகினு கீது, நீ கீழ ஃபேன மாத்தி மாத்தி வெச்சா இன்னா பிரயோஜனம்?"

பூசினால் எத்தனை டிகிரி குறையும் என்று கேட்டேன். நோட்டைத் திறந்து வைத்திருந்தேன்.

"டிகிரிலாம் எனக்குத் தெரியாது சார். அட்ச்சு முடிச்சு, நடு மத்தியானம் வெறுங்கால்ல நட. நடக்க முடிஞ்சா துட்டு குடு. முடியலன்னா குடுக்காத."

ஏழுமலையின் சூத்திரத்தில் எண்ணே இல்லை, வெறுங்கால்தான் இருந்தது. எனக்கு அது பிடித்துப்போயிற்று.

மொட்டைமாடி ஆறு வீட்டுக்கும் பொது. கையெழுத்து வாங்கப் போனேன். நான்கு வீட்டில் கிடைத்தது. முதல் மாடி அம்மாள் மட்டும், வெள்ளை அடித்தால் சூடு இருக்காது, வடாம் எங்கே காயும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், எங்கள் படுக்கையறைக்கு மேலே வராத இடத்தில், ஆறடிக்கு ஆறடி பழைய தளத்தை அப்படியே விடுவது என்று எழுதிக் கொடுத்தேன். அவரும் கையெழுத்துப் போட்டார்.

திங்களும் செவ்வாயும் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஏழுமலையும் இன்னொருவரும் பாசியைச் சுரண்டி, கழுவி, இரண்டு கை அடித்தார்கள். புதன்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு மேலே போனேன். வடாம் சதுரத்தில் இரண்டு அடி எடுத்து வைத்தேன், மூன்றாவது முடியவில்லை. வெள்ளையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முப்பத்தொரு அடி நடந்தேன். திரும்பியும் நடந்தேன். ஏழுமலை படிக்கட்டு நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினார். கொடுத்தேன்.

7

நூர்ஜகான் வீட்டில் உட்கார்ந்த அந்தச் சனிக்கிழமை முதல் யாரையும் கேட்பதில்லை, பார்க்கிறேன். சரோஜா மணிக்கு எத்தனை தடவை முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறாள், வந்தவர்கள் நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுக்கிறார்களா, காபியை எடுப்பதற்கு முன் தண்ணீர் கேட்கிறார்களா. இதையெல்லாம் தாரிணி ஒரு புதுப் பத்தியில் போட்டுக்கொண்டாள். பூச்சுக்கு மறுநாள், துடைத்தல் பதினான்கிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. வந்த என் நண்பர் ஒருவர் இடத்தை விட்டு எழவேயில்லை, ஒரு மணி நேரம் அரசியல் பேசினார்.

மே 31, சனிக்கிழமை, பிற்பகல் 2.40. வெளியே 39. கறுப்புப் பந்து 34.1 காட்டியது. பூச்சுக்கு முன்னால் அதே நேரத்தில் 37.9 காட்டிக்கொண்டிருந்தது. வாட்ஸப்பில் தாரிணிக்கு எண்களை அனுப்பினேன், அவளுடைய கணினி கூட்டல் 1.6 என்று சொன்னது. லேசான வெக்கை. பொய் சொல்ல வேண்டாம், வெக்கைதான். என் கழுத்தும் நனைந்திருந்தது. வங்கிக்குப் போகவில்லை. போயிருந்தால் அன்று திறந்திருக்கும்; ஐந்தாவது சனிக்கிழமை, பார்த்து வைத்திருந்தேன்.

படுக்கையறைக்குள் போனேன். ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன. சரோஜா கட்டிலை விட்டுவிட்டுத் தரையில், நூர்ஜகான் வீட்டுக் கோரைப்பாயை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எப்போது மேலே கொண்டுவந்தாள் என்று தெரியவில்லை. கைபேசி சமையலறையில் கிடந்தது. அலாரம் வைக்கவில்லை. நோட்டையும் பேனாவையும் வைத்துக்கொண்டு கதவருகே நின்றேன். மூச்சு பதின்மூன்று, பதினான்கு. ஒன்பது வருடம் மகன் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் சுகம் சொன்னவள், கேட்பதற்கு ஒருவன் வந்து நின்றதுகூடத் தெரியாமல் கிடந்தாள்.

வாக்கு என்ற கட்டத்தில் 'தூக்கம்' என்று எழுதினேன். மின்விசிறியை ஐந்திலிருந்து நான்குக்குக் குறைத்தேன். அவள் அசையவில்லை.

மாலை ஐடி தம்பியிடம் வீடு விற்பதற்கில்லை என்று சொன்னேன். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மாடியில் வெள்ளை அடித்ததைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது அங்கிள் என்றார். மகன், டிசம்பரில் வருகிறோம் என்றான். தாரிணியின் பாடம் முடிந்துவிட்டது. இனிமேல் அவள் ஏன் கூப்பிடப்போகிறாள் என்ற கவலை எனக்கு இருந்தது, இருக்கிறது. ஜூன் முதல் வாரத்தில் ஒரு தடவை கூப்பிட்டாள். மதிப்பெண் எல்லாம் கடைசியில்தான் சொன்னாள். முதலில் கேட்டது, பாட்டி இன்றைக்கும் தூங்கினாளா என்பது. ஆமாம் என்றேன். எழுதிவைத்திருக்கிறாயா என்றாள். வைத்திருக்கிறேன் என்றேன்.

ஜூன் பத்தாம் தேதி விமானம் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்: கூரைப் பூச்சுக்கு, கூலியும் டீயும் சேர்த்து, பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பது, இரண்டு பயணச்சீட்டுகளை ரத்து செய்ததற்குப் பிடித்துக்கொண்டது இருபத்தேழாயிரத்து நானூறு, கோரைப்பாய்க்கு நூர்ஜகான் பணம் வாங்க மறுத்துவிட்டார், ஆக மொத்தம் நாற்பத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.